அச்சாரம் வாங்கிய கல்யாணங்கள்

போன வாரம் அண்ணன் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு சாக்கு மூட்டை போட்டுவிட்டிருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்குச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எடுத்து வந்தேன். பிரித்துப் பார்த்தால் எட்டு இளநீர், காம்பு காயாமல், வைக்கோல் சுற்றி. போன் செய்தேன்.

"2019 ஆடியில வெச்ச பிள்ளையில வந்தது பாப்பா. மொதக் குலை. அய்யனாருக்கு ஒண்ணு வெச்சேன், மிச்சம் உனக்குத்தான்" என்றார்.

எங்கள் பக்கத்தில் தென்னங்கன்றைப் பிள்ளை என்றுதான் சொல்வோம். "இந்த வருஷம் பத்துப் பிள்ளை வெச்சேன்" என்று ஒருவர் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு இளநீரைச் சீவி, கொஞ்ச நேரம் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளைகளை வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்பதை ஒருநாள் எழுத வேண்டும் என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிற டீச்சர். பிறந்தது பேராவூரணியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமம். 2018 நவம்பர் 15 ராத்திரி பத்தரை மணிக்கு அண்ணனிடம் பேசினேன். "காத்து இப்பத்தான் கெளம்பியிருக்கு. போனை வெச்சிடு, சார்ஜ் இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. கஜா புயல் 16-ம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தது என்று டிவியில் சொன்னார்கள். நாகையைக் காட்டினார்கள், வேதாரண்யத்தைக் காட்டினார்கள். எங்கள் பக்கம் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. செல்போன் டவர் விழுந்த ஊரிலிருந்து செய்தி எப்படி வரும்?

ஐந்தாம் நாள் கிளம்பிவிட்டேன். பட்டுக்கோட்டை வரைக்கும் பஸ் இருந்தது. அங்கிருந்து தெரிந்த பையன் ஒருவனின் பைக். ரோட்டின் குறுக்கே விழுந்த மரங்களை ஒரு வண்டி போகிற அளவுக்கு மட்டும் அறுத்து ஒதுக்கியிருந்தார்கள். வழி நெடுக மின்கம்பங்கள் முட்டியில் அடிபட்ட ஆட்கள் மாதிரி மடங்கிக் கிடந்தன. ஊர் எல்லை வந்ததே எனக்குத் தெரியவில்லை. பையன்தான் "அக்கா, இதுதான் உங்க ஊரு" என்றான். தென்னந்தோப்புதான் எங்கள் ஊருக்கு அடையாளம். அது போனதும் ஊரே யாரோ அந்நியர் ஊர் மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து தார் ரோடு தெரிந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்தத் திண்ணையிலிருந்து ரோட்டைப் பார்த்ததே இல்லை.

தென்னை சாதாரணக் காற்றுக்கு விழுகிற மரம் இல்லை. வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்துகொள்ளும். அன்றைக்கு என்ன நடந்தது என்று அண்ணன் சொன்னார். முதலில் வடக்கிலிருந்து அடித்தது. இரண்டு மணி நேரம் அடித்துவிட்டுச் சட்டென்று நின்றுவிட்டது. தீர்ந்தது என்று கதவைத் திறந்து வெளியே வந்திருக்கிறார்கள். அப்புறம் தெற்கிலிருந்து திரும்பி அடித்திருக்கிறது. புயலின் கண் கடக்கும்போது அப்படித்தான் ஆகும். மழையில் ஊறிய மண்ணில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர் தளர்ந்து நின்ற மரங்களைக் காற்று மறுபக்கம் திருப்பித் தள்ளியது. மேலே குலை குலையாகக் காய் பாரம். வேரோடு சாய்ந்தவை பாதி, நடுவில் முறுக்கி ஒடிந்தவை பாதி. எண்பத்தைந்து வயதுப் பெரியம்மா, "அம்பத்திரண்டாம் வருஷத்துப் புயலப் பார்த்தவ நான். இப்படிப் பார்த்ததில்ல" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் கையில் ஒரு சுண்ணாம்பு வாளி. கணக்கெடுக்க வருவார்கள் என்று விழுந்த மரங்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று ஏக்கரில் 210 மரம். நான் போனபோது 127-ஐப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டுவிட்டு அந்த மரத்தில் கையை வைத்து, "இது நீ பொறந்த வருஷம் அப்பா வெச்சது" என்றார். அவர் அழவில்லை. நான் வாளியை வாங்கிக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் நம்பர் எழுதினேன். 187-ல் நின்றது.

அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அறிவித்தது. சேர்த்து 1,100. நல்ல மரம் ஒன்று வருஷத்துக்கு நூறு காய் கொடுக்கும். புதிதாக வைத்தால் நெட்டை ரகம் காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அந்த வருஷங்களை எந்தக் கணக்கில் எழுதுவது? இன்னொரு விஷயமும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பணம் மரம் வைத்திருக்கிறவருக்கு. மரம் ஏறுகிறவர், மட்டை உரிக்கிறவர், கீற்று முடைகிற பெண்கள், கயிறு திரிக்கப் போகிறவர்கள் இவர்கள் யாருக்கும் சொந்தமாக ஒரு மரம்கூட விழவில்லை. ஆனால் விழுந்த எல்லா மரத்திலும் இவர்கள் சோறு இருந்தது.

நாகஸ்வரம் வாசிக்கிற தம்பி ஒருவரை நான் பார்த்தது மறுநாள் காலையில். அவருடைய அப்பாதான் என் கல்யாணத்துக்கு வாசித்தவர். தம்பி பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரிலிருந்து சைக்கிளை மிதித்தும் தள்ளியும் வந்திருந்தார். எங்கள் பக்கத்து வீட்டில் கார்த்திகை பத்தாம் தேதி பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பந்தலுக்குப் பேசி, மேளத்துக்கு அச்சாரம் கொடுத்து, பத்திரிகையும் கொடுத்து முடித்திருந்த நேரத்தில்தான் புயல் வந்தது. கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். தம்பி வந்தது அந்த அச்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க.

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் ஆயிரத்து ஒரு ரூபாய். நனைந்து, காயவைத்து, மறுபடியும் மடித்த நோட்டுகள். பெண்ணின் அப்பா வாங்க மாட்டேன் என்றார். "நீ என்னப்பா, உன் வீட்டுக் கூரையே இல்லன்னு கேள்விப்பட்டேன், வெச்சுக்க" என்றார். "வாசிக்காத கல்யாணத்துக்கு அச்சாரம் வெச்சிருக்கிறது முறையில்லங்க. தேதி வெச்சா அப்ப கொடுங்க" என்று தம்பி கவரைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

நான் கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். அந்தக் கார்த்திகையில் அவருக்கு ஏழு முகூர்த்தம் பேசியிருந்தார்களாம். ஏழும் போய்விட்டது. கார்த்திகை போனால் மார்கழி, கல்யாணம் கிடையாது. ஆக தை வரைக்கும் ஒன்றுமில்லை. கூரை பறந்த ராத்திரி சீவாளிப் பெட்டியை மட்டும் லுங்கியில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றார். சீவாளி என்பது நாகஸ்வரத்தின் வாயில் செருகுகிற நாணல் துண்டு. விரல் நீளம்கூட இருக்காது. காவிரிக் கரையில் விளைகிற நாணலைப் பதப்படுத்தி, வேகவைத்து, மாதக்கணக்கில் பக்குவம் செய்துதான் ஒரு நல்ல சீவாளி கைக்கு வரும். ஆச்சா மரக் குழல் நனைந்தாலும் துடைத்துக்கொள்ளலாம். பழகின சீவாளி போனால் சத்தமே போன மாதிரி. "அது இருக்குக்கா. வாசிக்கத்தான் இடமில்ல" என்றார்.

அந்த வார்த்தையோடுதான் நான் கோயம்புத்தூருக்குத் திரும்பினேன்.

இங்கே வந்தால் என் மாணவிகளின் அம்மாக்கள் பழைய துணி சேகரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மனசோடுதான். ஆனால் நான் வரும் வழியில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மெயின் ரோட்டோரம் துணி மூட்டைகள் மழையில் நனைந்து கிடந்தன. நிவாரண வண்டிகள் ரோட்டோர ஊர்களிலேயே காலியாகிவிட்டன. உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில் மெழுகுவத்திக்கும் குடிதண்ணீருக்கும் அலைந்தார்கள். வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். துணி வேண்டாம், ஒரு கச்சேரி வைப்போம், டிக்கெட் போட்டுப் பணமாகத் திரட்டுவோம், என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டு வாங்குவோம் என்றேன். ஐந்து பேர் சேர்ந்தோம்.

எங்களில் ஒருவர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் கூட்டத்தில் அவர் பேசியது கச்சேரியைப் பற்றி இல்லை. கணக்கைப் பற்றித்தான் பேசினார். 1971 ஆகஸ்ட் 1-ம் தேதி நியூயார்க்கில் சிதார் மேதை ரவிசங்கரும் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச மக்களுக்காக நடத்திய கச்சேரியைச் சொன்னார். அதற்கு முந்தைய நவம்பரில் அங்கே போலா புயல் அடித்து லட்சக்கணக்கானவர்கள் செத்துப்போயிருந்தார்கள். அப்புறம் போர், அகதிகள். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே நாளில் இரண்டு காட்சி. டிக்கெட் பணம் யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த இசைத்தட்டும் படமும் சம்பாதித்த பெரும்பணம் வரித்துறையில் வருஷக்கணக்கில் மாட்டிக்கொண்டது. நடத்துவதற்கு முன்னாலேயே யாருக்குப் போகப்போகிறது என்று காகிதத்தில் முறையாக எழுதி வைக்கவில்லை என்பதுதான் காரணம். "அவ்வளவு பெரியவங்களுக்கே அப்படி ஆச்சு டீச்சர். நாம இன்னிக்கே நோட்டுப் போட்டுடலாம்" என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றை மேசையில் வைத்தார். அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பக்கத்திலேயே சண்டை வந்தது. செலவுப் பத்தியில் "நாகஸ்வரம், ஒரு செட்டு மேளம், 15,000" என்று எழுதச் சொன்னேன்.

"நிவாரணக் கச்சேரியில சம்பளமா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மெல்லிசைக் குழு பெட்ரோல் காசு மட்டும் போதும் என்றுவிட்டது. நானும் என் மாணவிகளும் சும்மா பாடுகிறோம். மைக் செட்டுக்காரர் பையன்களின் கூலி மட்டும் கேட்டார். நம் ஊரில் நிதிக் கச்சேரிக்குப் பெரிய மரபு இருக்கிறது. எம்.எஸ். அம்மா 1944-ல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடியதில் தொடங்கி, கடைசி வரை நல்ல காரியங்களுக்கென்று கொடுத்த கச்சேரிகள் கொஞ்சமா? அப்படி இருக்கும்போது இவருக்கு மட்டும் ஏன் என்று கேட்டார்கள்.

இன்னொருவர் வேறொரு யோசனை சொன்னார். "சம்பளம்னு வேண்டாம். அவர் பாதிக்கப்பட்டவர்தானே, மேடையில் வைத்து உதவித்தொகையா கொடுத்திடலாம். ஜனங்களுக்கும் மனசு இளகும்."

நான் அந்தத் திண்ணையில் வைத்த பிளாஸ்டிக் கவரைப் பற்றிச் சொன்னேன். வாசிக்காத கல்யாணத்துக்கு வாங்கிய காசைப் பத்து கிலோமீட்டர் சைக்கிள் தள்ளி வந்து திருப்பிக் கொடுத்த மனிதரை ஐநூறு பேர் முன்னால் நிறுத்திக் கையேந்த வைக்க நான் சம்மதிக்க மாட்டேன் என்றேன். அவருக்குப் போனது கூரை மட்டும் இல்லை, ஏழு முகூர்த்தம். அதில் ஒன்றை நாம் கொடுப்போம். கோயம்புத்தூர் ரேட்டில் கொடுப்போம். தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுப்போம். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். பேங்க் சார் ஒன்றும் பேசாமல் 15,000 என்று எழுதினார். எழுதிவிட்டு, "அச்சாரம் எவ்வளவு அனுப்பணும்?" என்று கேட்டார். ஆயிரத்து ஒன்று என்றேன்.

இன்னொரு சண்டை விளம்பரம் கொடுக்க வந்த ஒரு நிறுவனத்தோடு. ஐம்பதாயிரம் தருகிறோம், ஊரிலிருந்து பத்துப் பெண்களைக் கூட்டி வாருங்கள், மேடையில் எங்கள் முதலாளி கையால் சேலை கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஐம்பதாயிரம் எங்களுக்குப் பெரிய தொகை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பணத்தில் எத்தனை வீட்டுக்குக் கூரை போட்டிருக்கலாம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் மறுநாள் கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாண சீசன் என்பதால் மண்டபம் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. ஒரு மண்டபத்துக்காரர், காலையில் ஒரு கல்யாணம் இருக்கிறது, மூன்று மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள், கரண்டுக்கும் துப்புரவுக்கும் மட்டும் கொடுங்கள் என்றார். நாங்கள் போனபோது கல்யாண வீட்டார் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வாழைமரம், மேடையில் பூ அலங்காரம், தரையெல்லாம் அட்சதை. பையன்கள் வாழைமரத்தை அவிழ்க்கப் போனார்கள். இருக்கட்டும் என்றேன்.

மேளக்காரர்கள் முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம். ஒரு தவில் புயலில் நனைந்து தோல் தொய்ந்து போய்விட்டது. இரவல் தவில் கொண்டுவந்திருந்தார்கள். காலை வெயிலில் மொட்டை மாடியில் தவில்களை வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தவில்காரப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். காபி கொண்டுபோனபோது விரல்களில் கூடு போட்டுக்கொண்டு, தவிலின் வலப்பக்கமான வலந்தலையை மெல்லத் தட்டிப் பார்த்தார். "இன்னும் பேச மாட்டேங்குதும்மா. புது வீட்டுக்கு வந்த பொண்ணு மாதிரி. சாயந்தரத்துக்குள்ள பேசிடும்" என்றார்.

ஆறு மணிக்கு முதலில் நாகஸ்வரம். தொகுத்து வழங்கிய பெண்ணிடம் முன்பே சொல்லியிருந்தேன், புயலைப் பற்றி என் பேச்சில் நான் சொல்லிக்கொள்கிறேன், இவர்களை வித்வான்கள் என்று மட்டும் அறிமுகம் செய்யம்மா என்று. அவளும் அப்படியே செய்தாள். கடைசி நேரத்தில் எங்கள் குழுவிலிருந்து ஒருவர் மேடை ஓரத்துக்கு வந்து, "உருக்கமா ஏதாவது, முகாரி மாதிரி" என்று தம்பியிடம் மெல்லக் கேட்டார். தம்பி சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். எடுத்துவிட்டுச் சொன்னார்: "கல்யாண மண்டபமாச்சேங்க. வாசல்ல வாழை கட்டியிருக்கு. இங்க முகாரி வாசிச்சா நல்லாருக்காது."

கல்யாணம் வாசித்தார். அவ்வளவுதான் சொல்ல முடியும். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து ஆரம்பித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் தோடி. எங்கள் பக்கத்தில் தோடி என்றால் நாகஸ்வரம்தான், ராஜரத்தினம் பிள்ளை வாசித்த மண் அது. அந்தத் தோடியில் அவர் அவசரமே படவில்லை. ஒரு காந்தார ஸ்வரத்தில் நின்றுகொண்டு அதை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருந்தார். இரவல் தவில் பேச ஆரம்பித்திருந்தது. அப்புறம் ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவி. முன்வரிசையில் இருந்த வயசான பெண்கள் மெதுவாக ஆட ஆரம்பித்தார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

அப்புறம் நாட்டைக்குறிஞ்சி எடுத்தார். தாலி கட்டும் நேரத்துக்கு வாசிக்கிற ராகம். நாலு நிமிஷம் வாசித்திருப்பார். சட்டென்று தவில்காரப் பெரியவரைப் பார்த்துத் தலையசைத்தார். கெட்டிமேளம். இரண்டு தவிலும் நாகஸ்வரமும் ஒன்றாக எழும்பின. மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். என் பக்கத்தில் இருந்த மாமி குனிந்து தரையில் கிடந்த அட்சதையை உள்ளங்கையில் எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. கையை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். நான் என் பக்கத்து வீட்டுப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். கார்த்திகை பத்தாம் தேதி அவளுக்குக் கேட்டிருக்க வேண்டிய மேளம் அது.

அதற்குப் பிறகு என் மாணவிகள் பாடினார்கள். மெல்லிசைக் குழு இரண்டரை மணி நேரம் சினிமாப் பாட்டு வாசித்தது. ஜனங்கள் சந்தோஷமாகக் கேட்டார்கள், இடைவேளையில் டீயும் போண்டாவும் சாப்பிட்டார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது. எனக்கு நினைவில் நிற்பது அந்த முதல் முக்கால் மணி நேரம்தான்.

நோட்டில் இருப்பதை எழுதுகிறேன். 200 ரூபாய் டிக்கெட் 392, 500 ரூபாய் டிக்கெட் 120. ஆக 1,38,400. வாசலில் வைத்த உண்டியலில் 41,270. அதில் 10 ரூபாய் நாணயங்கள் நிறைய, யாரோ ஒரு குழந்தை உண்டியலை உடைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டும். தனியாகக் கொடுத்தவர்கள் 62,000. மேளத்துக்கு 15,000, வேன் வாடகை 4,500, மற்ற செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் 44,600 போக, மிச்சம் 1,97,070. தம்பிக்குத் தாம்பூலத்தோடு கொடுத்தபோது, அவர் அச்சாரத்தைக் கழித்துக்கொண்டு 13,999 எடுத்துக்கொண்டார். தட்டில் மீதி வைத்த ஆயிரத்து ஒரு ரூபாயைக் காட்டி, "இது ஏற்கெனவே வந்திருச்சுக்கா" என்றார்.

பணம் கையில் இருந்தது. என்ன வேண்டும் என்று அண்ணனைக் கேட்டேன். அரிசி இருக்கிறது, சேலை இருக்கிறது, மரம் அறுக்கிற மெஷின்தான் இல்லை என்றார். மெஷின்காரர்கள் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. விழுந்த மரம் அப்படியே கிடந்து மக்கினால் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் அதில் பெருகி, தப்பிப் பிழைத்த மரங்களையும் தின்றுவிடும். ஆகவே இரண்டு அறுவை மெஷின் வாங்கினோம், 52,000. பெட்ரோலுக்கும் கூலிக்கும் 31,000. மரம் ஏறுகிறவர்களில் நாலு பேர் அதை ஓட்டப் பழகிக்கொண்டார்கள். நாலு ஊருக்கு முறை வைத்துப் போயிற்று.

அடுத்ததைச் சொன்னது நான் இல்லை, கீற்று முடைகிற ஒரு அம்மா. நான் போயிருந்தபோது, விழுந்த தோப்புக்குள் உட்கார்ந்து தனியாக முடைந்துகொண்டிருந்தார். பச்சை மட்டையை நடுவில் வகுந்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து, ஓலையை ஒன்று விட்டு ஒன்று மடக்கிக் கோத்துக்கொண்டே போகிற வேலை. கண் வேறு எங்கோ இருக்கும், கை மட்டும் போய்க்கொண்டிருக்கும். யாருக்கு முடைகிறீர்கள் என்று கேட்டேன். "யாருக்கும் இல்லத்தா. இவ்வளவு மட்டை இனி நம்ம ஆயுசுல ஒண்ணாக் கிடைக்காது. காஞ்சு போறதுக்குள்ள முடைஞ்சு வெச்சிடலாம்னு. வாங்கத்தான் யாருகிட்டயும் காசில்ல" என்றார்.

ஊர் முழுக்கக் கூரை இல்லாத வீடுகள். தோப்பு முழுக்க மட்டை. முடையத் தெரிந்த கைகள் முப்பது. நடுவில் இல்லாமல் இருந்தது காசு ஒன்றுதான். அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலேயே பேசி முடித்தோம். கீற்று ஒன்றுக்குப் பத்து ரூபாய், 6,000 கீற்று. மூன்று வாரத்தில் முடைந்து அடுக்கிவிட்டார்கள். பதினாறு வீடுகளுக்குக் கூரை வேய்ந்தது. அதில் ஒன்று முடைந்த அம்மாவின் வீடு. இன்னொன்று நாகஸ்வரத் தம்பியின் வீடு. அவர் வேய்கிறவர்களுக்குக் கூலியைத் தன் கையிலிருந்தே கொடுத்தார்.

மிச்சம் 54,070-ஐ ஆடி வரைக்கும் வைத்திருந்தோம். வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு, நல்ல கன்றாகப் பார்த்து வாங்கி, வீட்டுக் கொல்லையில் பத்து மரம் இருபது மரம் வைத்துப் பிழைத்தவர்களுக்குக் கொடுத்தோம். குழியில் மணலும் உப்பும் போட்டு, இருபத்தைந்தடிக்கு ஒன்றாக வைத்தார்கள். எங்கள் அண்ணன் மூன்று கன்றுதான் எடுத்துக்கொண்டார், அதற்கும் காசு கொடுத்துவிட்டார். எனக்கு வந்த இளநீர் அந்த மூன்றில் ஒன்றில் காய்த்தது. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று ஊரில் சொல்வார்கள். எண்பத்தைந்து வயதுப் பெரியம்மா தானும் ஒரு பிள்ளை வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்து வைத்தார். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த மரம் இந்த மாதம்தான் பாளை விட்டிருக்கிறது என்று அண்ணன் சொன்னார்.

இளநீர் வந்த அன்று சாயந்தரம் தம்பிக்குப் போன் போட்டேன். என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்குக் கார்த்திகையில் கல்யாணம், கோயம்புத்தூரில். நீங்கள்தான் வந்து வாசிக்க வேண்டும் என்றேன்.

"எந்தத் தேதிக்கா?"

சொன்னேன். பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அன்னிக்கு இருக்கே. அதுக்கு மறுநாளும் இருக்கு. கார்த்திகை முழுக்க ஒரு முகூர்த்தமும் சும்மா இல்லக்கா" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்களுக்காக ஒண்ணு பண்றேன். என் மகனை அனுப்பவா? இப்ப தனியாவே வாசிக்கிறான். தோடி நல்லா வரும்" என்றார்.

அனுப்புங்கள் என்றேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன்.

"முப்பத்தஞ்சு. வேன் தனி" என்றார். "உங்களுக்குன்னு குறைக்க மாட்டேன்க்கா, நீங்க கோவிச்சுக்குவீங்க."

பழைய நோட்டில் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுதி வைத்திருக்கிறேன். நாகஸ்வரம், ஒரு செட்டு மேளம், 35,000. அச்சாரம் இன்று காலையில் அனுப்பிவிட்டேன்.